கோப்பையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்: கெர்ரிக் கடலோரம் ஐந்து நாள்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். ட்ரலீயிலிருந்து கஹர்சைவீன்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கெர்ரி. அக்கா அங்கே செவிலியராக வேலைக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த முறைதான் எனக்கு லீவும் விசாவும் ஒன்றாக வாய்த்தன. திட்டம் எளிது: கடலுக்குள் 12 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவு. பழைய துறவிகள் கல்லை அடுக்கிக் கட்டிய தேன்கூடு போன்ற குடிசைகளை, அறுநூற்றுச் சொச்சம் படி ஏறிப் பார்க்க வேண்டும். அதற்காகப் பல மாதங்களுக்கு முன்பே படகு பதிவு செய்தாயிற்று.

கடைசியில் பார்த்தது பாறையை அல்ல, பந்தை. அதுதான் இந்தக் குறிப்பு.

வெயில் 27 டிகிரி. பெட்ரோல் பங்க்கில் இருந்த அம்மா, "கொல்லுதுப்பா இந்தச் சூடு" என்கிற தொனியில் விசிறிக்கொண்டே சில்லறை கொடுத்தார். திருநெல்வேலிக்காரன் நான் ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கில்லார்க்லின் ஊருக்குள் கார் முக்கால் மணி நேரம் அசையவில்லை. ஆட்டுத் திருவிழாவின் கடைசி நாளாம். மலையில் பிடித்த காட்டுக் கிடாய்க்கு முடி சூட்டி, ஊர் நடுவே உயர்ந்த மேடையில் ஏற்றி ராஜா என்கிறார்கள். விழா முடிந்ததும் பத்திரமாக மலைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் கிடாய்க்கு மாலை போட்டால் கதை வேறு மாதிரி முடியும் என்றேன். அத்தான் சிரித்ததில் முன்னால் இருந்த வண்டி நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரே ஒரு ஹாரன், அதுவும் மன்னிப்புக் கேட்பதுபோல.

வழியெல்லாம் பச்சையும் மஞ்சளும். வீட்டுக் கூரை, டிராக்டர், சவப்பெட்டி செய்பவர் கடை என்று எதையும் விடாமல் கொடி. ஜூலை 27 அன்று டோனகாலைத் தோற்கடித்து கெர்ரி அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றிருக்கிறது. இது 39வது முறை. இரண்டாம் இடத்தில் இருக்கும் டப்ளினுக்கு 31.

"என்ன ஆட்டம், ஃபுட்பாலா?" என்று கேட்டது என் தப்பு.

"சாக்கர் இல்ல மாமா, கேலிக்" என்று பத்து வயது மருமகன் ஆரம்பித்தவன் கஹர்சைவீன் வரும்வரை நிறுத்தவில்லை. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு அடிக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் காலில் விட்டு மறுபடி கைக்கு எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை தரையில் தட்டக் கூடாது. கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி. குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயின்ட். இந்த வருஷத்திலிருந்து நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு.

"இந்தக் கெர்ரி நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்டுக்கு எத்தனை கோடி சம்பளம்?"

"சம்பளமே கிடையாது மாமா. அவர் ஸ்கூல் டீச்சர்."

நம்பாமல் அக்காவைப் பார்த்தேன். தலையாட்டினாள். எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுகிறவர்களுக்குப் பயணச் செலவு மாதிரி ஏதோ தருவார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன். போர்ட்மகீ

காலை ஏழு மணிக்கு அக்காவின் போனுக்குச் செய்தி: கடலில் அலை அதிகம், இன்று படகு இல்லை, பணம் திரும்ப வரும். ஜன்னலைத் திறந்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இது என்ன நியாயம்? வானம் எப்படி இருந்தாலும் அந்தப் பாறையில் இறங்குகிற இடத்தில் அலை ஏறி இறங்கினால் ஆள் இறங்க முடியாதாம். மறுநாளும் சந்தேகம், அதற்கு மறுநாள் இடமே இல்லை. நாலு மாதமாகப் படி ஏறிப் பழகியது வீண்.

துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கட்டிவந்த புளியோதரையைப் பிரித்தோம். பக்கத்து உணவகத்தில் மீன் சூப்பும் பழுப்பு ரொட்டியும் 12 யூரோ. ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கக் கூடாது என்று அக்கா முதல் நாளே சட்டம் போட்டிருந்தாள். பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அப்பளத்தைக் கையில் எடுத்த நிமிஷம், தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கடற்காகம் பாய்ந்து விரலோடு சேர்த்துக் கொத்தியது. அப்பளம் போயிற்று, ஆள்காட்டி விரலில் ரத்தம்.

நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து நீட்டினார். எதற்கு அதைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. தினமும் இதே காட்சியைப் பார்ப்பவராக இருக்கும். மருமகனின் கெர்ரி சட்டையைப் பார்த்ததும் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்த கிளப், எந்த இடத்தில் ஆடுகிறாய், இடது காலால் உதைப்பாயா? மூன்றாவது கேள்விக்கு மருமகன் நெளிந்தான்.

எதிரே வலென்ஷியாத் தீவுக்குப் போகிற பாலத்தைக் கை காட்டினார். "இது வந்தது 1970 வாக்கில். அதற்கு முன்னால் அந்தத் தீவிலிருந்து எங்கே போனாலும் படகுதான். மிக் ஓ'கானல் பயிற்சிக்குப் போனதும் அப்படித்தான்."

அந்தப் பெயரைச் சொன்னபோது குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

கதை இது. 1959 செப்டம்பர், டப்ளின் குரோக் பார்க் மைதானம், அகில அயர்லாந்து இறுதிப் போட்டி. கெர்ரி 3-7, கால்வே 1-4. (கோல் தனி, பாயின்ட் தனி, கூட்டினால் 16க்கு 7.) கெர்ரியின் கேப்டன் ஓ'கானல், 22 வயது. முழங்காலில் அடிபட்டு இரண்டாம் பாதியில் வெளியே வந்துவிட்டார். ஆட்டம் முடிந்து, சாம் மக்வயர் என்று பெயர் கொண்ட அந்த அகில அயர்லாந்துக் கோப்பையை ஓ'கானல் வாங்கினார். ஊரே கொண்டாட்டத்துக்குக் காத்திருக்க, அன்றிரவே வலென்ஷியாவுக்குக் கிளம்பிவிட்டார். கோப்பை உடை மாற்றும் அறையிலேயே கிடந்தது. நிலா வெளிச்சத்தில் தனியாகத் துடுப்புப் போட்டுத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள். நிலா பிற்பாடு சேர்ந்திருக்கலாம். கோப்பை கிடந்தது நிஜம்.

"மறந்துட்டாரா, வேணும்னே வச்சுட்டாரா?" என்றான் மருமகன்.

பெரியவர் நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே எழுந்தார். "நீ தீவுக்குப் போய்ப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, பாறைதான் இல்லை, தீவாவது இருக்கிறதே என்று மாலையே பாலத்தைக் கடந்தோம்.

ஆகஸ்ட் 14, வியாழன். வலென்ஷியா

நைட்ஸ்டவுனில் தங்கல், அறைக்கு 120 யூரோ. காலை உணவு அதில் சேர்த்தி: முட்டை, காளான், இரண்டு விதப் பன்றிக்கறி, கறுப்பாக ஒரு வட்டம். கறுப்பு என்னவென்று கேட்டபின் தட்டை அத்தான் பக்கம் தள்ளினேன். ஆனால் அந்த வெண்ணெய்! சூடான சோடா ரொட்டியில் உப்பு வெண்ணெயைத் தடவினால் வேறு எதுவும் வேண்டாம். டீயும் நம் ஊர்க் கடை டீக்குப் பக்கத்தில் வரும் அளவுக்குத் திக்கு.

இந்தத் தீவில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எதிரே வருகிறவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்கள். கையை அல்ல, ஆள்காட்டி விரலை மட்டும். அத்தானும் தூக்குகிறார். பிளாஸ்திரி விரலோடு நானும் பின்சீட்டிலிருந்து தூக்கிப் பார்த்தேன்.

முதலில் கேபிள் நிலையம். அட்லாண்டிக்குக்கு அடியில் அமெரிக்கக் கண்டத்துக்குத் தந்திக் கம்பி போட்டது இந்தத் தீவிலிருந்துதான். 1858இல் போட்டது மூன்று வாரத்தில் செத்துப்போனது. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இழுத்துக்கொண்டு போன கம்பி நியூஃபவுண்ட்லாந்தில் கரையேறி நிலைத்தது. நூறு வருஷம் ஓடிய நிலையம் 1966இல் மூடப்பட்டது. ஓ'கானல் வேலை பார்த்தது இங்கேதான், மூடும்வரை. கண்டத்துக்குக் கண்டம் சேதி போகிற கட்டடத்தில் பகல் முழுக்க வேலை, சாயங்காலம் ஆளில்லாத மைதானத்தில் தனியாகப் பந்து. அவர் பயிற்சி பெரும்பாலும் அப்படித்தான்: தனியாக, இரண்டு காலாலும் மாறி மாறி உதைத்து, உயரே போன பந்தை எகிறிப் பிடித்து. நடுக்களத்தில் அவர் பந்து பிடிக்கிற அழகைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

எனக்கு இங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த ஆட்டத்தில் கிளப் என்பது பிறந்த ஊர். பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து விலைக்கு வாங்கிப் போக முடியாது. நமக்குக் குலதெய்வக் கோயில் மாதிரி. வேலைக்கு எங்கே போனாலும் அது அதே ஊரில், அதே வேப்பமரத்தடியில். ஓ'கானலுக்கு அது வலென்ஷியாவின் யங் ஐலண்டர்ஸ். ஒரு தீவு, கொஞ்சம் வீடுகள், அதற்குள் பதினைந்து பேர் தேற வேண்டும். அப்படிச் சின்ன கிளப்புகளில் இருக்கும் நல்ல ஆட்டக்காரர்கள் வீணாகக் கூடாது என்று, கெர்ரிக்குள் நடக்கும் பெரிய போட்டிக்கு மட்டும் ஒரு வட்டாரத்துக் கிளப்புகளைச் சேர்த்து ஓர் அணி கட்டுகிறார்கள். அவர் ஆடியது தெற்குக் கெர்ரி அணிக்கு. 1955, 56, 58 என்று மூன்று முறை அந்த அணி ஜெயித்தது. அங்கே கண்ணில் பட்டால் அப்புறம் கவுன்டி, அதாவது கெர்ரி மாவட்டத்தின் அணி. 1956இல் அதில் நுழைந்தார்.

கவுன்டி ஆடினால் கிளப்பை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. குரோக் பார்க்கில் ஆடியவர் அடுத்த வாரம் ஊர் மைதானத்தில், பக்கத்து ஊர்த் தச்சரும் மீன்காரரும் இடிக்க இடிக்க ஆட வேண்டும். இன்றும் அப்படித்தான். கிளிஃபர்ட் 2022இல் கெர்ரியோடு அகில அயர்லாந்தை வென்றார். அடுத்த ஜனவரியில் ஃபோசா என்ற தன் சின்ன கிளப்புக்கு ஜூனியர் தரக் கோப்பைக்காக (வயதில் அல்ல, தரத்தில் கீழ்ப்படி) அதே குரோக் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தார். வென்றார்கள்.

1959க்குப் பிறகு 1962இல் ஓ'கானலுக்கு இரண்டாவது அகில அயர்லாந்துப் பதக்கம். ராஸ்காமனுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டிதான் தொலைக்காட்சியில் நேரடியாக வந்த முதல் இறுதிப் போட்டி. முதல் நிமிஷத்திலேயே அவர் அடித்த ஃப்ரீ கிக்கை கேரி மெக்மஹன் கோலாக்கினார். அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அப்புறம் 1969, 1970 என்று இன்னும் இரண்டு. 1970 இறுதி மீத்துக்கு எதிராக, முதன்முறையாக எண்பது நிமிஷ ஆட்டம். முப்பத்துமூன்று வயதில் நடுக்களம். 1972இலும் இறுதிக்கு வந்தார்கள். ஆஃபாலியோடு சமன், மறு ஆட்டத்தில் தோல்வி. 1984இல் எல்லாக் காலத்துச் சிறந்த ஆட்டக்காரர்களையும் சேர்த்து நூற்றாண்டு அணி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது நடுக்களத்தில் அவர் பெயர். 1999இல் ஆயிரமாண்டு அணியிலும்.

கடையில் ஐஸ்கிரீம் வாங்கும்போது (தீவுப் பாலில் செய்தது, கோன் 4 யூரோ, தகும்) அவர் வீடு எந்தப் பக்கம் என்று வாயை விட்டேன். கடைக்காரப் பெண் சிரித்த முகம் மாறாமல், கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் என்று சொன்னார். மறுபடி கேட்டேன். டைனோசருக்கு முந்தைய நாலுகால் பிராணியின் கால்தடம் பாறையில் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா என்றார். "சும்மா இருடா" என்று அக்கா தமிழில் சொன்னாள். அது அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்கும்.

கால்தடத்தைப் போய்ப் பார்த்தோம். பாறையில் சின்னச் சின்னக் குழி. முப்பத்தைந்து கோடி வருஷத்துக்கும் பழையதாம். மருமகன் ஐந்து நிமிஷத்தில் கல்லெறியப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. வாட்டர்வில்

வலென்ஷியாவில் ஓர் ஆளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் வாட்டர்வில்லில் இன்னோர் ஆளைப் பற்றி ஒருவரும் வாய் மூடவில்லை.

கடற்கரைச் சாலையில் சார்லி சாப்ளின் சிலை. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்துபோவாராம். அதே ஊரில் மிக் ஓ'ட்வையருக்கும் சிலை. 1959, 62, 69, 70: ஓ'கானலின் அதே நாலு பதக்கம் இவருக்கும். பிறகு பயிற்சியாளராகி 1975இலிருந்து 1986க்குள் கெர்ரிக்கு எட்டுக் கோப்பை வாங்கித் தந்தார். அது போதாதென்று வேறு கவுன்டிகளுக்கும் போய் 1998இல் கில்டேரை இறுதிக்கும், 2003இல் லீஷை லென்ஸ்டர் மாகாணப் பட்டத்துக்கும் கொண்டுபோனார். இந்த ஏப்ரலில்தான், 88 வயதில் காலமானார்.

பஜ்ஜி மாதிரி மாவில் முக்கிப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் 19 யூரோவுக்குத் தந்த கடையில் வரிசையில் நின்ற மூன்று பேர், கேட்காமலே ஓ'ட்வையர் கதை சொன்னார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார். ஹோட்டல் நடத்தியவர், கூட்டம் பிடிக்கும், பேச்சுப் பிடிக்கும். கஹர்சைவீன்காரர் ஜாக் ஓ'ஷேயும் இவர் அணியில் வளர்ந்தவர்தான். ஏழு அகில அயர்லாந்து, நூற்றாண்டு அணியில் ஓ'கானலுக்கு ஜோடி. ஒரு கைப்பிடிக் கடற்கரையில் எத்தனை பேர்!

ஒரே பதக்கங்கள் இருவருக்கும். ஒருவர் அதை ஊருக்கெல்லாம் பங்கு வைத்தார், ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர் இரண்டு பேரையும் அவரவர் விரும்பிய மாதிரியே விட்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கடைக்காரப் பெண்ணின் கலங்கரை விளக்கம்தான்.

திரும்பும்போது மூடுபனி. அத்தான் குறுகலான சாலையில் சுற்றுலா பஸ்ஸுக்கு வழிவிட்டு முந்நூறு அடி பின்னால் போனார். அந்த நேரத்தில் காருக்குள் யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 16, சனி. ஒரு கிளப் ஆட்டம், பிறகு படகு

கரைப் பக்கம் சாயங்காலம் ஜூனியர் தர ஆட்டம் ஒன்று என்று மருமகன் மோப்பம் பிடித்துவிட்டான். ரீனார்ட் முனைக்குக் கார் ஏற்றும் படகு உண்டு, ஐந்து நிமிஷப் பயணம்.

மைதான வாசலில் சிக்கல். ரொக்கம் வாங்க மாட்டார்களாம், டிக்கெட் போனில் மட்டும். அத்தான் போனில் சார்ஜ் இல்லை, அக்கா போனில் சிக்னல் இல்லை, என் இந்திய அட்டையை அந்தத் தளம் மூன்று முறை நிராகரித்தது. பின்னால் நின்ற பெண்மணி ஒருவர் எட்டிப் பார்த்து, தன் போனில் எங்களுக்கும் சேர்த்து வாங்கிவிட்டார். பெரியவர்களுக்குத் தலைக்கு 10 யூரோ, பையனுக்கு இலவசம். நோட்டை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தேநீர்க் கூடாரத்தில் போடுங்கள், பெயின்ட் வாங்க வேண்டும்" என்றார். அங்கே ஒரு டீயும் கேக் துண்டும் 3 யூரோ. முப்பது யூரோவையும் டப்பாவில் போட்டதற்கு எனக்கு இரண்டாவது துண்டு கிடைத்தது.

இருநூறு பேர் இருப்பார்கள். கோலுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆட்கள், பழைய கம்பவுண்டர் மாதிரி. பாயின்ட் என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சை, இரண்டு பாயின்ட் என்றால் ஆரஞ்சு. டிவியில் ஆட்டம் அழகாக இருக்கும். பக்கத்தில் நின்றால் சத்தம்தான் தெரிகிறது. நெஞ்சும் நெஞ்சும் மோதுகிற சத்தம். காற்றில் போன பந்துக்கு நாலு பேர் எகிறினார்கள். ஒரு கை மட்டும் எல்லாக் கைக்கும் மேலே போய்ப் பந்தைப் பிடித்து இறங்கியது. பக்கத்திலிருந்த கிழவர் "ஆ" என்று மூச்சை விட்டார், அவ்வளவுதான். கைதட்டவில்லை.

விருந்தாளி அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனை மறக்க முடியாது. செம்பட்டை முடி, இருபத்துமூன்று இருக்கும். இடைவேளைக்கு முன் யாருடைய முழங்கையோ பட்டு இடது புருவம் கிழிந்தது. ஓரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றி, பட்டை போட்டு, ரத்தம் படிந்த சட்டையை மாற்றிவிட்டு மறுபடி அனுப்பினார்கள். மாற்றுச் சட்டையில் எண் வேறு. அவன் அம்மாவாக இருக்கும், வேலிக்கு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கடைசி நிமிஷத்தில் அவன் கையைத் தாண்டிப் போன பந்து கம்பிக்கு மேலே போனது. வெள்ளைக் கொடி. 1-11க்கு 0-13. ஒரே பாயின்டில் தோல்வி.

வழியில் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிப் படகைப் பிடித்தோம். இன்னும் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. தண்ணீர் ஈயத் தகடு மாதிரி. பணம் வாங்க ஆள் கார் கார் ஆக வந்தான். அத்தான் கண்ணாடியை இறக்கினார்.

இடது புருவத்தில் பட்டை. செம்பட்டை முடி இன்னும் ஈரம்.

மருமகன் என் மடிமேல் ஏறி ஜன்னலுக்கு வந்துவிட்டான். "நீங்க நல்லா ஆடினீங்க" என்றான் ஆங்கிலத்தில், அந்த ஊர் இழுவையோடு.

"நல்லா ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றான் அவன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பையனின் சட்டையைப் பார்த்து, "இடது காலாலயும் உதைச்சுப் பழகு" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனான்.

படகு கரையைத் தொட்டது. அவன் முன்னால் ஓடிப் போய்ச் சங்கிலியைக் கழற்றி, ஏற்றப் பலகையை இறக்கினான்.